கொடிக் கயிறு

என் தகரப் பெட்டியின் அடியில் இரண்டு துண்டுக் கயிறு கிடக்கிறது. ஒன்று முழ நீளம், இன்னொன்று அதைவிடக் கொஞ்சம் பெரியது. போன மாதம் ஊருக்கு வந்திருந்த என் மகள் பெட்டியை ஒழுங்குபடுத்தும்போது, "என்னம்மா இது, மக்கிப்போனதையெல்லாம் பத்திரப்படுத்தி வெச்சிருக்கே?" என்று எடுத்துக் குப்பைப் பக்கம் போட்டாள். நான் பதறிப்போய்ப் பொறுக்கிக்கொண்டேன். ஏன் என்று கேட்டாள். உடனே சொல்ல வரவில்லை. எனக்கு நாலு பேர் முன்னால் மட்டுமல்ல, பெற்ற பிள்ளை முன்னாலும் பேச்சு சுலபமாக வராது.

அது விவசாயக் கூலிக்காரர் சங்கத்துக் கொடிக்கம்பத்தில் இருந்த சணல் கயிறு. என் வீட்டுக்காரர் கையால் முறுக்கியது. அப்போது கழக ஆட்சி வந்த புதிது. கோட்டையில் ஆள் மாறினார்களே தவிர எங்கள் ஊர் வயலில் மாறவில்லை. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு ஆட்கள் அறுவடைக்கு இறங்காமல் நின்றார்கள். போலீஸ்காரர்கள் அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பண்ணை ஆட்கள் கம்பத்தை வெட்டிச் சாய்த்தார்கள். கிழிந்த கொடியை யாரோ எடுத்துப் போனார்கள். கயிற்றை நான் மடியில் சுருட்டிக்கொண்டு வந்தேன். அவர் இல்லாத வீட்டில் அதுதான் அவர் மாதிரி எனக்கு.

அதே கூரையின் மறுபாதியில் என் ஓரகத்தி, அவர் அண்ணன் மனைவி, இருந்தாள். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவள் புருஷன் சங்கத்தில் சேராமல் பண்ணை மாட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அதனால் எங்களுக்குள் பேச்சு நின்றுவிட்டது. ஒரே கிணற்றடியில் தண்ணீர் எடுப்போம், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்க மாட்டோம்.

ஒருவழியாகப் பேச்சுவார்த்தை முடிந்து நடவுக்குக் கூப்பிட்டார்கள். அவர் இன்னும் வெளியே வரவில்லை. என் மகளுக்கு அப்போது ஐந்து மாதம். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கைப்பிள்ளைக்காரிகள் எல்லாரும் செய்வதுபோல நானும் வாய்க்கால் கரைப் புங்கமரத்தில் தூளி கட்டப் போனேன். கட்டக் கொண்டுபோனது அந்தக் கொடிக் கயிறு. பெருவிரல் தடிமன். அப்பன் முறுக்கின கயிற்றில் பிள்ளை ஆடட்டும் என்று எனக்கு ஒரு வீம்பு.

பிள்ளையைப் போடக் குனிந்தேன். ஓரகத்தி நடவுச் சேற்றோடு ஏறி வந்து கையைப் பிடித்தாள். மாதக்கணக்கில் பேசாதவள்.

"இரு புள்ள. இழுத்துப் பாத்தியா?"

"நானே தொங்கிப் பாத்துட்டேன். தாங்குது."

"தொங்கிப் பாத்தா ஆச்சா?" தூளித் துணியை அவிழ்த்துவிட்டு, நாற்றுக் கூடையில் மண்கட்டியை நிரப்பிக் கயிற்றில் மாட்டினாள். கயிறு அசையவில்லை. கூடை அப்படியே நின்றது.

எனக்கு எங்கிருந்து வந்ததோ, வாய் திறந்துவிட்டது. "பாத்தீங்கல்ல? கொடி கட்டுன கயிறு. ஒங்க வூட்டுக்குத்தான் அது கண்ணுல ஆவாதே!"

வயலில் நின்ற பெண்கள் நிமிர்ந்தார்கள். "அடி ஆத்தே, ஊமைக்கு வாய் வந்துருச்சு டோய்!" என்று ஒருத்தி சிரித்தாள்.

ஓரகத்தி கோபப்படவில்லை. "கொடி காத்துல படபடக்கும், அவ்வளவுதான். புள்ள ஒதைக்குமே," என்றாள். கூடையை மார்பு உயரத்துக்குத் தூக்கினாள். விட்டாள்.

கயிறு பட்டென்று அறுந்தது. கூடை வேரின் மேல் விழுந்து மண் சிதறியது. அறுந்த இடத்தில் இருந்து பழுப்புத் தூள் பறந்தது. மேலே முறுக்கு முறுக்காக இருந்த கயிறு, உள்ளே வெயிலிலும் மழையிலும் இற்றுப்போயிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. என் இடுப்பில் பிள்ளை இருந்தது.

நடவு முடிந்ததும் மாற்றிக் கட்டத் தான் கொண்டுவந்திருந்த பழைய நூல் புடவையை ஓரகத்தி எடுத்தாள். வாய்க்காலில் நனைத்து, முறுக்கி, கிளையில் போட்டுக் கூடையை மாட்டினாள். மூன்று தடவை தூக்கித் தூக்கி விட்டாள். ஒவ்வொரு தடவையும் புடவை கொஞ்சம் இறங்கியது, பிறகு நின்றது. "இப்பப் போடு," என்றாள். அன்று சாயங்காலம் சேறு ஒட்டிய ஈரப் புடவையோடு அவள் ஊருக்குள் நடந்துபோனதை நான் மறக்கவில்லை.

அவளுடைய முதல் பிள்ளை தூளியில் இருந்து விழுந்து செத்துப்போனது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பக்கத்தில் நட்டவள் மெதுவாகச் சொன்னாள். தூங்கும்வரை தாங்கின கயிறு, விழித்து உதைத்ததும் அறுந்ததாம். நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம். ஒரே கூரை. கேட்டதே இல்லை.

மறுநாள் விடியலில் நாற்றங்காலுக்குப் போகிறபோது வரப்புக் கோரையில் பனி கோத்த சிலந்தி வலை. அவள் அதை மிதிக்காமல் சுற்றிப் போனாள். நானும் நின்றேன். ஒரு வெட்டுக்கிளி பாய்ந்து வலையில் விழுந்தது. வலை பை மாதிரி உள்வாங்கி, பனியை உதறிவிட்டுத் திரும்பி நின்றது.

"அறுவலியேக்கா," என்றேன். பேச்சு நின்ற பிறகு கோபமில்லாமல் நான் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை.

"அது வெறச்சுக்கிட்டு நிக்கல பாரு. கொஞ்சம் போவுது, அப்புறம் புடிக்குது. அதான்."

அந்த மகள்தான் இப்போது வெளியூர்க் கல்லூரியில் நூலையும் நாரையும் சோதிக்கும் வேலையில் இருக்கிறாள். பெட்டியைத் துடைத்த மறுநாள், போனில் ஒரு படம் காட்டினாள். கண்ணுக்கே தெரியாத இழையை ஒரு மிஷின் பிடித்து இழுக்கிறது. சிலந்தி நூலாம். எடைக்கு எடை பார்த்தால் இரும்புக் கம்பிக்குச் சளைக்காதாம். அதைவிடப் பெரிய விஷயம், அறுவதற்கு முன்னால் நீண்டு கொடுத்து அடியை வாங்கிக்கொள்ளுமாம். நனைந்தால் அதன் குணமே வேறாம். "மெதுவா இழுத்துப் பாத்தா மட்டும் போதாதும்மா. திடீர்னு அடிச்சும் பாக்கணும், ஈரத்துலயும் பாக்கணும். இதெல்லாம் இப்பத்தான் சரியாப் புரியுது," என்றாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. பிறகுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வருஷத்தில் ஒரே மூச்சாக நான் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். அவளுடைய பெரியம்மா போய்ச் சேர்ந்து ஏழு வருஷம் ஆகிறது. அதைக் கேட்க அவள் இல்லை.

மகள் அந்தக் கயிற்றுத் துண்டுகளைத் தானே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு இழை குடும்மா. எங்க மிஷின்ல போட்டு எவ்வளவு தாங்கும்னு பாக்குறேன்."

"வேணாம்மா," என்றேன். "அத சோதிச்சாச்சு. நீ தூளியில ஏறுறதுக்கு முன்னாடியே சோதிச்சாச்சு."

வாங்கித் துடைத்து, மறுபடியும் பெட்டியின் அடியில் வைத்தேன்.