உட்கார்ந்த நாயும் மூன்று பியூஸ் கட்டைகளும்

அந்த நாய் உட்கார்ந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் போன வாரம் என் மகள் செல்போனில் ஏதேதோ தேடிப் பார்த்துவிட்டு, "அப்பா, அந்த நாய் உக்காரவே உக்காராதாம். ஒருத்தர்கூடப் பாத்ததில்லையாம்" என்றாள். எங்கெங்கோ இருப்பவர்கள் அந்த நாயைப் பற்றி இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்களாம். அது யார் வளர்த்த நாய், ஏன் திரும்பிப் பார்க்கிறது, பனிக்குள் எங்கே போகிறது என்று ஆளுக்கொரு விளக்கம். அந்த நாய் வரும் வீடியோ கேமைச் செய்தவர்கள் மட்டும் வாயைத் திறக்கவில்லையாம்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது நாங்கள் பூண்டியில் இருந்தோம். கொடைக்கானலைத் தாண்டி மலைக்குள்ளேயே வெகுதூரம் பஸ்ஸில் போக வேண்டும். சரிவெல்லாம் படிப்படியாக வெட்டிய விவசாயக் காடு, அதில் பூண்டும் கேரட்டும். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, எங்கள் வீட்டிலேயே தங்கி ஊருக்கு லைன்மேனாக இருந்தார். லீவு நாளில் வட்டக்கானல் பக்கம் தங்கும் விடுதிகளுக்கு வயரிங் வேலைக்குப் போவார். அப்படிப் போன இடத்தில், சொந்த நாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர், பெட்டியில் இடமில்லை என்று ஒரு வீடியோ கேமையும் மூன்று கேசட்டுகளையும் மாமா கையில் கொடுத்துவிட்டார்.

மூன்றும் ஒரே ஆளைப் பற்றிய விளையாட்டு. ஒருவன் குடை வைத்திருப்பான். பாறை மேலிருந்து குதிக்கும்போது அதை விரித்தால் மெதுவாக மிதந்து இறங்குவான். கேசட்டின் மேல் எழுதியிருந்தது எந்த மொழி என்று எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கே தெரியவில்லை. அதனால் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். குடைக்காரன் ஒன்று, குடைக்காரன் இரண்டு, குடைக்காரன் மூன்று.

ஜெயிப்பது எங்களுக்குப் பெரிய விஷயமாக இல்லை. அதில் விளங்காமல் கிடந்த சங்கதிகள்தான் எங்களைப் பிடித்துக்கொண்டன. முதல் கேசட்டில் மலை உச்சியில் ஒரு வீடு தெரியும். ஜன்னலில் விளக்கு எரியும். ஆனால் அங்கே போக வழியே கிடையாது. இரண்டாவது கேசட்டிலும் அதே வீடு. விளக்கு இல்லை, வாசலில் மூன்று குடைகளைக் காயப் போட்டிருக்கும். மூன்றாவதில் வீட்டுக்குக் கூரையே இல்லை, ஆனால் உள்ளேயிருந்து புகை வரும்.

"கூரை இல்லாத வீட்டுல யாரு மாமா சமைக்கிறா?"

"அதான்டா மருமவனே எனக்கும் புரியல."

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்துச் சொன்னார்: "பூண்டுக்குப் புகை போடுறாங்களா இருக்கும்."

"கூரை இல்லாம புகை எப்படிக்கா நிக்கும்? பூண்டு பூராவும் முளைச்சுப் போகுமே" என்றார் மாமா. அம்மா அதை யோசித்துப் பார்த்துவிட்டு, "அப்ப வெவரங்கெட்ட வீடு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாவற்றையும் விடப் பெரிய புதிர் நாய்தான். மூன்று கேசட்டிலும் கடைசிக்கு முந்தின கட்டத்தில் ஒரு மரப்பாலம் வரும். அங்கே ஒரு பழுப்பு நாய் நமக்கு முன்னால் போகும். பாலத்தின் நடுவில் நின்று ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்க்கும். பிறகு பனிக்குள் போய்விடும். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாயைப் பற்றி ஒன்றும் வராது. பாலத்தின் ஓரத்தில் ஒரு பலகையில் ஏதோ எழுதியிருக்கும். பதில் அதில்தான் இருக்கிறது என்று நாங்கள் நம்பினோம். அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களும் இன்று வரை சண்டைதான் போடுகிறார்கள் என்று இப்போது என் மகள் சொல்கிறாள்.

அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்காது. "ரெண்டு கழுதையும் பொம்மைக்குப் பின்னால அலையுதுக" என்பார். டிவி பக்கம் வந்து உட்காரவே மாட்டார்.

மாமா எனக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். நாய் திரும்பிப் பார்க்கும்போது பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். அசையக் கூடாது. "நான் வந்து கேக்குற வரைக்கும் கை வைக்கக் கூடாது மருமவனே. பொறுமையா இருந்தீன்னா நாய் திரும்பி வரும்" என்பார். சொல்லிவிட்டுச் சாப்பிடப் போவார். சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கமும் போடுவார். நான் வெறும் பாலத்தையும் பனியையும் பார்த்துக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்திருப்பேன். நாய் வராது, கரண்ட் போய்விடும். எங்கள் ஊரில் பலமாகத் தும்மினாலே கரண்ட் போய்விடும். கேசட்டில் விட்ட இடத்திலிருந்து தொடங்கும் வசதியும் கிடையாது. மறுபடி முதலிலிருந்து ஆட வேண்டும்.

ஐப்பசி மழை நேரம். ஒரு சனிக்கிழமை மதியம். மாமா தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் இருந்தார். நான் மூன்றாவது கேசட்டில் பாலத்துக்கு வந்தேன். நாய் நின்றது, திரும்பிப் பார்த்தது. நான் கையை எடுத்தேன்.

நாய் போகவில்லை. பின்னங்கால்களை மடக்கிப் பாலத்தின் நடுவில் உட்கார்ந்தது. வாலை ஆட்டியது.

"மாமா!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் சோற்றுக் கையோடு ஓடி வந்தார். திரையைப் பார்த்ததும் அவர் வாய் திறந்தது திறந்தபடியே நின்றது.

"ஏலே… நெசமாவே உக்காந்துருச்சு" என்றார்.

அவரே சொல்லிக் கொடுத்த வழிக்கு அவரே ஏன் 'நெசமாவே' என்று சொல்ல வேண்டும்? அது அன்று எனக்கு உறைக்கவில்லை. உறைக்க நேரமும் இல்லை. மறு நொடி திரை கறுத்துப்போனது.

கொஞ்ச நேரத்தில் வெளியே ஆள் வந்துவிட்டது. கீழ்ச்சரிவில் தைல மரக் கொப்பு முறிந்து லைன் மேல் விழுந்து கிடக்கிறதாம். மாமா கையைக் கழுவிக்கொண்டு, ரம்பத்தையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் அழுதுகொண்டே பின்னால் ஓடினேன். "வெரசா கரண்ட் குடுங்க மாமா. நாய் எந்திரிச்சுப் போயிரும்." கரண்ட் போனதோடு அந்த நாயும் போய்விட்டது என்பதை என் மனது ஒத்துக்கொள்ளவில்லை. இருட்டுக்குள் அது எனக்காகக் காத்திருப்பதாகவே நினைத்தேன்.

டீக்கடைக்குப் பக்கத்தில்தான் டிரான்ஸ்பார்மர். மாமா அதிலிருந்து மூன்று பியூஸ் கட்டைகளைப் பிடுங்கினார். வெள்ளைப் பீங்கான், ஒவ்வொன்றும் நல்ல கனம். அதைப் பிடுங்கினால் லைனில் கரண்ட் இருக்காது. பிடுங்கிய கட்டையை அங்கேயே விட்டுவிட்டுப் போகக் கூடாது. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அதைத் திரும்பப் போடத் தெரியும், அவசரத்தில் யாராவது போட்டுவிட்டால் கம்பத்தில் நிற்கிறவர் உயிரோடு இறங்க மாட்டார். அதனால் எப்போதும் மாமாவின் உதவியாள் அதைப் பையில் போட்டுக்கொண்டு கம்பத்தடியில் நிற்பார். அன்று அவர் காய்ச்சலில் படுத்திருந்தார். இந்த விவரமெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும்.

மாமா டீக்கடையில் நின்றவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு மூன்று கட்டைகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு என் தோளில் மாட்டினார்.

"நான் வந்து கேக்குற வரைக்கும் யாருக்கும் குடுக்கக் கூடாது. யாரு கேட்டாலும். வெளங்குச்சா?"

எனக்கு நன்றாகவே விளங்கியது. பாலத்தில் சொல்கிற அதே வார்த்தைகள்! இது நாய் சம்பந்தப்பட்ட காரியம். சரியாகக் காத்திருந்தால் நாய் அங்கேயே உட்கார்ந்திருக்கும், தவறினால் போய்விடும். நான் டீக்கடை பெஞ்சில் பையை மடியில் வைத்து உட்கார்ந்தேன். மாமா பனிக்குள் இறங்கி மறைந்தார்.

கடையில் இருந்தவர்களுக்கு நான் நல்ல வேடிக்கையாகிப் போனேன். "என்ன ஆபீசரய்யா, கரண்ட்டு எப்பங்க வரும்?" என்றார் ஒருவர். "மனு எழுதிக் குடுக்கணுமாங்கய்யா?" என்றார் இன்னொருவர். நான் அசையவில்லை.

கேரட் கழுவும் மெஷின் பாதியில் நின்று கிடந்தது. அதற்குள் எங்கள் காட்டுக் கேரட்டும் இருந்தது. ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போக வேண்டிய லாரிக்காரர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். பனி இன்னும் அடர்ந்தால் மலைப்பாதையில் அவருக்குக் கண் தெரியாது, விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். கழுவாத கேரட்டை யாரும் வாங்க மாட்டார்கள்.

அப்பா மேலிருந்து வேகமாக இறங்கி வந்தார்.

"பையக் குடு. மாமா கம்பத்த விட்டு எறங்கிட்டான். பனி வெலகுனப்ப மேக்காட்டுல நின்னு நானே பாத்தேன்."

"மாமா வந்து கேக்கணும்."

"அவன் வர்றதுக்குள்ள லாரி போயிரும்டா. நான் ஒங்கப்பன். நான் கேட்டாப் பத்தாதா?"

"பத்தாது" என்றேன்.

கடையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் அப்பாவைச் சுட்டிருக்க வேண்டும். பளீரென்று என் கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. அதற்கு முன் அவர் என்னை அடித்ததில்லை. நான் பெஞ்சிலிருந்து சரிந்து ஈரத்தரையில் பையின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டேன். கட்டைகள் வயிற்றில் குத்தின. அப்பா என் தோளைப் பிடித்து இழுத்தார். நான் பெஞ்சுக் காலைக் கட்டிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அங்கே இருந்தவர்களில் கரண்ட் வேண்டும் என்று அதிகமாகத் தவித்தவன் நான்தான். ஆனாலும் நாய் உட்கார்ந்திருக்கிறதே! கை வைக்கக் கூடாதே!

"மருமவனே."

பனிக்குள்ளிருந்து மாமா ஏறி வந்துகொண்டிருந்தார். தலை நனைந்து, முழங்கை சிராய்த்து இருந்தது. "எந்திரி. இப்பக் குடு" என்றார். நான் எழுந்து இரண்டு கையாலும் பையை நீட்டினேன்.

அப்பா அவரிடம், "எறங்கி இம்புட்டு நேரம் என்ன மாப்ளே பண்ணுன? நீ எறங்குனத அப்பவே பாத்தேனே" என்றார்.

"அது மொதக் கம்பம் மச்சான். ரெண்டாவது கம்பத்துலயும் கம்பி நழுவிக் கெடந்துச்சு. அதுல ஏறிக் கட்டிட்டு இப்பத்தான் எறங்கி வாறேன்."

யாரும் சிரிக்கவில்லை. அப்பா தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கேரட்டுக்காக இவ்வளவு சண்டை போட்டவர், மாமா பியூஸைப் போட்டு மெஷின் ஓடத் தொடங்கிய பிறகும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எனக்கு அது வினோதமாக இருந்தது.

நான் வீட்டுக்கு ஓடினேன். கேசட் முதலிலிருந்துதான் தொடங்கியது. விடாமல் ஆடிப் பாலத்துக்கு வந்தேன். நாய் திரும்பிப் பார்த்தது, பனிக்குள் போனது. அதன் பிறகு எத்தனையோ தடவை கையை எடுத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறேன். உட்காரவில்லை. அடுத்த மழைக்காலத்தில் ஈரம் ஏறி அந்தப் பெட்டியே ஓய்ந்துபோனது.

நான் பெரியவனான பிறகு ஒரு நாள் மாமாவிடம் கேட்டேன், அன்று அத்தனை பெரிய ஆட்கள் இருக்க என் தோளில் ஏன் பையை மாட்டினீர்கள் என்று.

"அங்க நின்ன எல்லாருக்கும் கரண்ட் அவசரம்டா."

"எனக்கும்தான மாமா அவசரம்?"

"ஒனக்குத்தான், பிடிச்சது கண்ணு முன்னாடி கெடந்தாலும் கை வைக்காம இருக்கத் தெரியும். நான் தின்ன சோத்துக்கும் போட்ட தூக்கத்துக்கும் ஒன்ன எத்தன நாளு அப்படி ஒக்கார வச்சிருக்கேன்" என்று சிரித்தார். நாய் திரும்பி வரும் என்பது அவர் அவிழ்த்துவிட்ட கதை என்பதையும் அன்றுதான் ஒத்துக்கொண்டார். அப்படியானால் அது ஏன் உட்கார்ந்தது என்று கேட்டேன். "அது எனக்கும் தெரியாதுடா, சத்தியமா" என்றார்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் இதில் எதுவும் எனக்குத் தெரியாது. நான் டிவி முன்னால் உட்கார்ந்து கோபமாகப் பொத்தான்களை அமுக்கிக்கொண்டிருந்தேன். கன்னம் எரிந்தது. அப்பா வந்தார். ஈரச் சட்டையைக்கூடக் கழற்றாமல், எனக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் குடைக்காரனையே பார்த்தார்.

"இதுல எதுடா அந்த நாயி?" என்றார்.

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஆடிக்கொண்டிருந்தேன். பிறகு அவர் கை மெதுவாக என் கன்னத்துப் பக்கம் வந்தது. விரல்களில் கேரட்டுக் காட்டு மண் இன்னும் ஒட்டியிருந்தது. இன்னொரு அறை விழப்போகிறது என்று நினைத்து நான் கண்களை இறுக மூடிக்கொண்டேன்.