நாய்க்கஞ்சி மாத்தா

1. காலியான லயம்

மாத்தா வேலையில், அதாவது போலீஸ்காரன் வேலையில் சேர்ந்தால் இடுப்பில் பெல்ட்டும் கையில் தடியும் கிடைக்கும் என்று நம்பித்தான் சேர்ந்தேன். இரண்டும் கிடைத்தன. ஆனால் சில மாதங்களிலேயே ஒரு வாளியும் அகப்பையும் கூட வந்து சேர்ந்துகொண்டன. இப்போது போலீசில் சேருகிற பிள்ளைகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தது அந்த வாளிதான்.

மலாயாவில், குளுவாங்குக்குத் தெற்கே ரயில் நின்று போகும் ஒரு சின்ன டவுன் அது. பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். ரப்பர் விலை படுத்துவிட்ட காலம். தோட்டங்களில் ஆட்களை நிறுத்திவிட்டார்கள். வேலையில்லாதவர்கள் தண்டவாளத்தோரம் அலைந்துகொண்டிருந்தார்கள். பாலாய் என்று நாங்கள் சொல்லும் போலீஸ் ஸ்டேஷனில் சார்ஜன் யூசோப்பும் கைவிரலில் எண்ணிவிடக்கூடிய மாத்தாக்களும்தான். மலாய்க்காரர் அல்லாதவன் நான் ஒருவன்.

திருட்டு நடந்ததெல்லாம் ரோடு போடும் கூலிகள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில். அதுவும் பட்டப்பகலில். விடிந்ததும் ஆணும் பெண்ணும் வேலைக்குப் போய்விடுவார்கள். கைக்குழந்தையையும் தூளித்துணியோடு தூக்கிக்கொண்டுதான் போவார்கள். பின்பக்கத்துச் சுவராக வேய்ந்த அத்தாப்பு ஓலையை இரண்டு கையாலும் விலக்கினால் ஓர் ஆள் உள்ளே நுழைந்துவிடலாம். பித்தளைக் குடம், கூறைப்புடவை, தகரப்பெட்டி என்று ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

அஞ்சலை என்று ஒரு விதவை, கல் உடைப்பவள். மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த பெட்டி போய்விட்டது. பாலாய்க்கு வந்தவள் அழவில்லை. நேராக என்னிடம் வந்து நின்றாள்.

"தம்பி, நீ வர வேணாம். உன் தொப்பிய மட்டும் கழட்டிக் குடு. லயத்து வாசல்ல மாட்டி வைக்கிறோம். அதப் பாத்தாவது திருடன் பயப்படுவான்."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. சார்ஜன் சிரித்துவிட்டு எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார். அவர் தொப்பியைத்தான். இருவரும் அவளோடு நடந்தோம்.

லயத்தைச் சுற்றிப் பார்த்த சார்ஜன் கேட்ட முதல் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. அவர் மலாயில் பேசியதையெல்லாம் நம் பேச்சில் எழுதுகிறேன்.

"இங்க நாய் இல்லையா?"

"ஏன் இல்ல? ஒம்போது இருக்கு" என்றாள் அஞ்சலை. "எல்லாம் எங்களுக்கு முன்னாடியே வேலைக்குப் போயிடும்."

உண்மைதான். மத்தியானச் சோற்றுத் தூக்குகளை ரோட்டோரம் திறப்பார்கள். அங்கே ஒரு வாய் கிடைக்கும் என்று நாய்கள் விடிந்ததும் கூட்டத்தோடு கிளம்பிவிடும். மனிதன் இல்லாத நேரத்தில் நாயும் இல்லை. திருடனுக்கு வேறென்ன வேண்டும்?

2. வாளி

சார்ஜன் நாயிடமிருந்து எப்போதும் ஐந்தாறு அடி தள்ளித்தான் நிற்பார். ஈர மூக்கு பட்டுவிட்டால் அவர்கள் மார்க்கத்தில் கழுவிச் சுத்தம் செய்ய ஒரு முறை இருக்கிறது. அதனால் திட்டம் அவருடையது, கை என்னுடையது.

"தம்பி, சோறு எங்கயோ நாய் அங்க. சோத்த லயத்துக்குக் கொண்டு வந்துடு."

வேலைக்குக் கிளம்புமுன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி பழைய சோற்றை என் வாளியில் போட்டுவிட வேண்டும். ரோட்டில் யாரும் நாய்க்கு ஒரு பருக்கை போடக்கூடாது. வெயில் ஏறியதும் நான் மறுபடி போய் வாளியைத் தட்டுவேன். கரைத்த கஞ்சியைக் கொட்டாங்கச்சிகளில் ஊற்றுவேன். யூனிபாரம், பெல்ட், தொப்பி எல்லாவற்றோடும்தான்.

முதலில் நாய்கள் கேட்கவில்லை. கூட்டத்தின் பின்னாலேயே ஓடின. பெண்கள் கல்லெறிந்து விரட்டிவிட்டு, மனசு கேட்காமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். சில நாள் பட்டினிக்குப் பிறகு அவற்றுக்கு விஷயம் புரிந்தது. பகல் முழுக்க லயத்து வாசலில் படுத்துக் கிடந்தன. அறியாத ஆள் ஒருவன் சந்தில் திரும்பினால் போதும், டவுனுக்கே கேட்கும்.

திருட்டு நின்றது. எனக்குப் பெயர் வந்தது. கடைத்தெருவில் என்னைப் பார்த்தால், "அதோ நாய்க்கஞ்சி மாத்தா போறாரு" என்பார்கள். சக மாத்தாக்கள் என் தட்டைத் தனியாக எடுத்து வைத்தார்கள். வீட்டுக்கு ஓடிப்போய்விடலாமா என்றுகூட இருந்தது. ஆனால் அஞ்சலை மட்டும் தினமும் வாளியில் சோற்றைப் போடும்போது, "நீயும் சாப்புட்டியா தம்பி?" என்று கேட்பாள். அந்த ஒரு கேள்விக்காகவே மறுநாளும் போவேன்.

3. மெம்பர்

வைத்திலிங்கம் டவுன் போர்டு மெம்பர். யாரும் ஓட்டுப் போட்டு வந்தவரல்ல, நியமிக்கப்பட்டவர். ரோடு கண்டிராக்டரும் அவரே. ஆகவே லயத்துக்காரர்களுக்குச் சோறு போடுகிறவரும் அவர்தான். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். மாலை போட்டால் கழுத்து தானாகக் குனியும், அவ்வளவுதான்.

திருட்டு நடந்தபோது லயத்தில் கூட்டம் போட்டு, "போர்டுல பேசி உங்களுக்கு ஒரு ஜாகா வாங்கித் தர்றேன்" என்று அறிவித்திருந்தார். ஜாகா என்றால் காவல்காரன். மாலையும் வாங்கிக்கொண்டார். அவருடைய ஜாகா வருமுன் திருட்டு நின்றுபோனது அவருக்குப் பெரிய சங்கடமாகிவிட்டது. லயம் ஆபத்தில் இருப்பதைக் காட்ட ஒருநாள் பகலில் மேலதிகாரி ஒருவரை அழைத்து வந்தார். நாய்கள் கடிக்கவில்லை. ஆனால் சந்து முனையிலிருந்து ஓரடி உள்ளே விடவில்லை. அதிகாரி சிரித்துக்கொண்டே திரும்பிவிட்டார். அந்தச் சிரிப்புதான் மெம்பருக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த போர்டு கூட்டத்தில் உத்தரவு பிறந்தது. லைசன்ஸ் வில்லை இல்லாத நாய்களைத் திங்கட்கிழமை முதல் சுட்டுவிட வேண்டும். சட்டம் பழையதுதான், யாரும் கண்டுகொண்டதில்லை. லயத்து நாய்க்கு லைசன்ஸ் எடுக்கலாம், ஆனால் சொந்தக்காரன் என்று ஒருவர் பெயர் வேண்டும். "பேர் குடுக்கிறவனுக்கு என்கிட்ட வேலை இல்ல" என்று மெம்பர் கங்காணி மூலம் சொல்லியனுப்பிவிட்டார். யார் கொடுப்பார்கள்? அஞ்சலை கொடுக்கிறேன் என்று கிளம்பினாள். மகள் காலைப் பிடித்துக்கொண்டு அழுது தடுத்துவிட்டாள்.

பாலாய்க்கு மெம்பரே வந்தார். சார்ஜன் வெளியே போயிருந்தார். மெம்பர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன்யா, சர்க்கார் சம்பளம் வாங்கிக்கிட்டு நாய்க்குப் பந்தி வைக்கிறியா? சரி விடு, அதுவும் நல்லதுக்குத்தான். உனக்குத்தான் அதுங்க பழக்கமாச்சே. வாளியத் தட்டு, வரிசையா வந்து நிக்கும். ஓடிப் புடிக்க வேண்டிய வேலையே இல்ல."

சுடப்போவது நான்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் சொன்னது ஒவ்வொன்றும் சரி. வாளியைத் தட்டினால் வரும். வாலை ஆட்டிக்கொண்டு என் முழங்காலில் மூக்கைத் தேய்க்கும். அவர் போன பிறகு கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்தேன். சார்ஜன் திரும்பி வந்ததும் எழுந்து நின்று சொன்னேன்.

"என்னால முடியாது சார்ஜன். வேலைய விட்டுப் போயிடறேன்."

"திங்கள்வரைக்கும் இரு" என்றார்.

4. திங்கட்கிழமை

சார்ஜன் என்ன செய்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முதலில் இமாமைப் பார்த்திருக்கிறார். காவலுக்கு நாய் வைத்துக்கொள்வதில் தடையில்லை, பட்டால் முறைப்படி கழுவிக்கொள் என்று இமாம் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து நேராக டவுன் போர்டு ஆபீஸ். சனிக்கிழமை, மூடுகிற நேரம். ஒன்பது நாய்க்கு லைசன்ஸ் வேண்டும் என்றாராம்.

"சொந்தக்காரர் பெயர்?" என்று கேட்டிருக்கிறார் கிளார்க்.

"யூசோப். சார்ஜன்."

"ஒன்பதுமா, என்சே?" என்றாராம் மரியாதை குறையாமல்.

"ஒன்பதும்."

ஊரில் நாய்க்குக் கிட்டே போகாத மனிதர் ஒருவர் உண்டென்றால் அது அவர்தான். கிளார்க் இரண்டு முறை பெயரைக் கேட்டு எழுதினாராம்.

திங்கட்கிழமை மெம்பர் குடையோடு சந்து முனையில் வந்து நின்றார். லயத்து ஜனங்களும் அன்று வேலைக்குக் கிளம்பாமல் வாசலிலேயே நின்றார்கள். நான் வாளியைத் தட்டினேன். ஒன்பதும் ஓடி வந்தன. சார்ஜன் ஐந்தாறு அடி தள்ளி நின்றபடி ஒரு துணிப்பையை என்னிடம் எறிந்தார். உள்ளே பித்தளை வில்லைகள். ஒவ்வொரு கழுத்திலும் சணல் கயிற்றில் கட்டினேன். கண்ணீர் மறைத்ததால் முடிச்சு சரியாக விழவில்லை. அஞ்சலை பக்கத்தில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொடுத்தாள்.

"இது யார் நாய்?" என்றார் மெம்பர்.

"என்னோடது, துவான்" என்றார் சார்ஜன், சல்யூட் அடித்தபடி.

அதற்குப் பிறகு அவர் பட்டதைச் சொல்லாமல் விட முடியாது. சைக்கிளில் கம்பம் என்கிற மலாய்க் கிராமத்துப் பக்கம் போனால் பையன்கள் குரைப்பார்கள். காப்பிக்கடையில், "உன் பிள்ளைங்க ஒன்பதும் சௌக்கியமா?" என்று விசாரிப்பார்கள். அவரும், "நல்லா இருக்காங்க, சம்பளம் கேக்கறதில்ல" என்பார். லயத்து ஜனங்கள் இதையெல்லாம் அறிவார்கள். சார்ஜன் தலை சந்தில் தெரிந்தால் போதும், யாரும் சொல்லாமலே நாய்களை இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு வால்கூட அவர்மேல் பட்டதில்லை.

சில மாதம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம். லயத்தில் திருட்டு ஒழிந்ததற்குப் பெரிய அதிகாரி பாராட்டுச் சொன்னார். மெம்பர் எழுந்து, "என் மக்களுக்காக நான் கொண்டுவந்த நாய்க்காவல் திட்டம்" என்று ஆரம்பித்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. பக்கத்தில் யார் இவ்வளவு பலமாகக் கைதட்டுவது என்று பார்த்தால், சார்ஜன்!

"என்ன சார்ஜன் இது?"

"தட்டு தம்பி, நல்லாத் தட்டு. இப்ப இது அவர் திட்டம். இனிமே அவரே இதை நிறுத்த மாட்டாரு."

தட்டினேன். என் சர்வீஸ் முழுக்க எத்தனையோ மெம்பர்கள் வந்தார்கள், போனார்கள். வேலை நடக்கவேண்டும் என்றால் பெயரை அவர்களிடம் கொடுத்துவிடுவேன். அது அன்று கற்றது.

சார்ஜன் மாற்றலாகிப் போன அன்று ரயிலடியில் கேட்டேன், எதற்காக நாய்களுக்கு இவ்வளவு பட்டீர்கள் என்று.

"நாய்க்காக மட்டும் இல்ல. உன்னை நம்பி ஓடி வர்றதை நீ சுட்டுட்டா, அதுக்கப்புறம் பெல்ட் இருக்கும், தடி இருக்கும், நீ இருக்க மாட்டே. எனக்கு ஒரு நல்ல மாத்தா வேணும்."

ரயில் நகர்ந்தது. நன்றி என்ற சொல்லை அவரிடம் நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவும் வாய்க்கவில்லை. அதைத்தான் இப்போது, பென்ஷன் வாங்குகிற வயதில், இங்கே எழுதி வைக்கிறேன். நன்றி, சார்ஜன். நான் கடைசிவரை மாத்தாவாகவே இருந்தேன்.