குளத்தில் விட்ட ஒற்றைப் பூ

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மனைவி இருந்தவரை எழுத மனம் வரவில்லை. அவளும் பெருமாள் திருவடி சேர்ந்துவிட்டாள். ஊரில் கதை வேறு மாதிரி பரவுவதால் எழுதுகிறேன்.

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்புக்கு நான் காவல்காரன். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பல் முளைக்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டது. அந்த வயதுப் பிள்ளையை எங்களில் எரிப்பதில்லை, புதைப்போம். கல் நடுவதில்லை. பெற்றவளுக்கு இடத்தைக் காட்டுவதுமில்லை. காட்டினால் அவள் அங்கேயே கிடப்பாள் என்பார்கள். தோப்புக்காரரிடம் கேட்டு, ஓடைக்கரை மாமரத்தடியில் என் கையால்தான் வைத்தேன்.

அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

"தோப்புல எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க. நான் போக மாட்டேன்."

"இன்னொண்ணு பொறக்கட்டும் ஏட்டி, பொறவு காட்டுதேன்."

இன்னொன்று பிறக்கவே இல்லை.

தொண்ணூறுகளில் தோப்பு கைமாறியது. வாங்கிய வெளியூர் முதலாளி, பாலித் தீவுக் கிராமம் மாதிரியே ஒரு சொகுசு விடுதி கட்டினார். நான் காவல்காரனாகவே தொடர்ந்தேன். சுற்றுச்சுவர், உள்ளே முற்றங்கள், ஒவ்வொன்றையும் சுற்றிக் கூரை வேய்ந்த சின்னச் சின்ன வீடுகள். வாசலில் கோபுரத்தை நடுவில் பிளந்தது போல இரண்டு கல் தூண்கள்.

"ஏலே, கோபுரத்துக்கும் பாகப்பிரிவினையா?" என்று கொத்தனார்கள் சிரித்தார்கள்.

அந்தத் தீவில் மலைப்பக்கம்தான் தெய்வத்தின் பக்கமாம். அதனால் ஒவ்வொரு முற்றத்திலும் மலையைப் பார்த்த மூலையில் ஒரு குட்டிக் கோயில். தினம் காலையில் இலைத் தட்டில் பூ வைக்க என் மனைவியைக் கூப்பிட்டார் விடுதியைக் கட்டுகிற என்ஜினீயர்.

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். "சாமியவே காணோமே. யாருக்குய்யா பூ?"

"சும்மா அழகுக்கும்மா."

"ஆண்டாளுக்கு மாலை கட்டுத கை இது. அழகுக்கு வைக்காது."

வீட்டுக்கு வந்து பூக்கூடையைத் துடைத்து வைத்தாள். பிறகு, "பூ வைக்கப் போறேன்" என்றாள். பிள்ளை கிடக்கிற தோப்புக்குள் நடமாடலாம் என்றுதான். எனக்கு அது புரிந்தது.

புரட்டாசி சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் திருவண்ணாமலை என்கிற குன்றுக்குப் போய்ப் பெருமாளைச் சேவித்து, சொந்தக்காரர் வீட்டில் ஒரு வாரம் தங்கிவிட்டு வேலைக்கு வந்தோம். ஓடைக்கரை மாமரம் இல்லை. ஓடைக்குக் குறுக்கே கரை போட்டிருந்தார்கள். மரம் நின்ற இடத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. தாமரைக் குளமாம்.

என்ஜினீயரிடம் ஓடினேன். பிள்ளையைப் புதைத்த இடம் அது என்று சொன்னேன்.

"ஒரு கல்லாவது நட்டிருக்கலாமே பெரியவரே? தெரிஞ்சிருந்தா தள்ளிப் போட்டிருப்பேனே."

"பல்லு முளைக்காத பிள்ளைக்குக் கல் நடுத வழக்கம் இல்லைய்யா."

திரும்பினால் பூக்கூடையோடு அவள் நிற்கிறாள்.

"இங்கதானா?"

தலையை ஆட்டினேன். அவள் அழவில்லை. தண்ணீரையே பார்த்தாள்.

"காய்ச்சல்ல போன பிள்ளையாச்சே. ஈரத்துல கிடந்தா சளி பிடிக்குமே."

அந்த வார்த்தை இன்றும் என் நெஞ்சில் கிடக்கிறது.

அன்றிலிருந்து தினமும் கடைசிப் பூவைத் தண்ணீரில் விடுவாள். ஒரே ஒரு பூ. குளம் சுத்தம் செய்கிறவன் வலையால் அள்ளிப் போட்டுவிடுவான்.

"அக்கா, மேனேஜர் ஏசுதாரு."

"நான் போன பொறவு அள்ளுலே. கண்ணு முன்னால அள்ளாத."

விருந்தாளிகள் அந்தப் பூவைப் படம் எடுக்க ஆரம்பித்ததும், பாலித் தீவு வழக்கம் என்று மேனேஜரே சொல்லத் தொடங்கினார். அள்ளுவது நின்றது. ஊர்க்காரர்களோ குளத்தில் அம்மன் குடியிருப்பதாகச் சொல்லி, வெளிச்சுவரில் சூடம் ஏற்றினார்கள். நான் மறுக்கப் போனேன். அவள் விடவில்லை.

"சொல்லிட்டுப் போறாவ. பூவை அள்ளாம இருக்காவல்லா, அது போதும்."

அவள் போன பிறகு விடுதிக்காரர்களே அங்கே தட்டுத் தட்டாகப் பூ மிதக்க விடுகிறார்கள். எல்லாம் அழகுக்கு.

படிக்கிறவர்கள் யாரிடமாவது இதைச் சொன்னால், அம்மனைச் சேர்க்காதீர்கள், அற்புதம் எதையும் சேர்க்காதீர்கள். ஓடைக்கரை மாமரத்தடியில் ஒரு பெண் குழந்தை கிடக்கிறது, அதைப் பெற்றவள் அதற்குப் பூ விட்டாள். இப்படியே சொல்லுங்கள்.