மாமாவின் வேலிக் கோவை

என் மாமனார் பெடாஸ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக, அதாவது ஆட்களை வேலை வாங்கும் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்று, அங்கேயே வீடு வைத்திருந்தவர். நாங்கள் இருப்பது சிரம்பானை ஒட்டிய ராசாவில். நான் முதுகலை ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது மகளுக்கு எட்டு மாதம். "கைப்பிள்ளைய பேபிசிட்டர்கிட்ட விட்டுட்டு இலை அரைக்கப் போறா. அத வீட்டு பிளெண்டர்லயே அரைக்கலாம்லா" என்று வருகிறவர்களிடமெல்லாம் மாமா சொல்வார். எல்லாரும் சிரிப்பார்கள். காப்பி கொடுத்துக்கொண்டே நானும் சிரிப்பேன்.

நான் அரைத்தது கோவை இலை. அவர் வீட்டுக் கம்பி வேலி முழுக்க அதுதான். கீரையாகச் சமைப்போம், இனிப்புநீர் என்கிற சர்க்கரை நோய்க்கு நல்லது என்பார்கள். அந்த இலையிலிருந்து பிரித்தெடுத்த பொருள்கள், மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதியைத் தடுக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. நொதி வேலை செய்தால் சோதனைத் தட்டின் குழிகளில் மஞ்சள் நிறம் வரும். தடுக்கப்பட்டால் வராது.

முதல் தட்டிலேயே, இலைப்பொருள் ஊற்றிய ஒரு வரிசை முழுக்க நிறமில்லாமல் நின்றது. கைப்பேசியில் படம் எடுத்து, அந்த ஞாயிற்றுக்கிழமையே மாமாவிடம் காட்டினேன். அவருக்கும் நெடுநாளாக இனிப்புநீர். ஆனால் நான் காட்டியது அதற்காகவா என்று கேட்டால் இல்லை. அவர் முன்னால் ஒரு நாளாவது கெட்டிக்காரியாக நிற்க வேண்டும் என்றிருந்தது.

"இது என் வேலி இலையா?"

"ஆமா மாமா. நிறமே வரல பாருங்க."

"உக்காரும்மா," என்றார். அந்த வீட்டில் அவர் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுநாளிலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டு இலைச்சாறு குடிக்கத் தொடங்கினார். தெரிந்ததும், மாத்திரையையும் போடுங்கள் என்று ஃபோனில் சொன்னேன். "படிச்சவ நீயே உன் படிப்ப நம்பலன்னா எப்படி?" என்றார். சரி மாமா என்று ஃபோனை வைத்துவிட்டேன்.

பிறகு என் மேற்பார்வையாளர் படத்தைப் பார்த்துவிட்டு, ஒப்பிட வைத்த குழிகளில் என்ன ஊற்றினாய் என்று கேட்டார். தண்ணீர் என்றேன். இலைப்பொருளையோ நான் வேறொரு கரைப்பானில் கரைத்திருந்தேன். வெறும் கரைப்பானை மட்டும் ஊற்றிப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். அதற்கும் நிறம் வரவில்லை. நொதியை நிறுத்தியது அந்தத் திரவம், இலையல்ல.

அன்றே பெடாஸுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் இன்றைய சோதனையும் தப்பாக இருந்தால்? இரண்டாம் தடவையும் அவர் வாயில் விழ எனக்குத் தைரியமில்லை. மூன்று தட்டு செய்து உறுதியான பிறகு சொல்லலாம் என்று முடிவு செய்தேன். நல்ல செய்தியை ஒரு தட்டிலேயே நம்பிச் சொன்னவள் நான். நடுவில் நொதி தீர்ந்துபோய், புதுப் புட்டி வரக் காத்திருந்தேன்.

அந்த இடைவெளியில் ஒரு ஞாயிறு அவர் வீட்டுக்குப் போனோம். வலது காலில் துணி சுற்றியிருந்தார்.

"என்ன மாமா?"

"சிலிப்பர் கடிச்சிருச்சு. இனிப்புதான் இறங்கிருச்சே, ஆறிடும்லா."

அந்தத் துணியிலிருந்து லேசாக வாடை வந்தது. இன்னும் ஒரு தட்டு பாக்கி இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாவது தட்டும் அதையே சொன்ன அன்று, அவர் சிரம்பான் மருத்துவமனையில் இருந்தார். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கட்டிலருகே நின்று, கரைப்பான், மூன்று தட்டு, புதுப் புட்டி என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமா முழுவதும் கேட்டார்.

"அப்ப வேலைய செஞ்ச அந்தக் கரைப்பான் தண்ணியவே கொண்டாந்து குடுத்திருக்கலாமேம்மா," என்றார். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார்.

இப்போது மாமா எங்களோடு ராசாவில் இருக்கிறார். காலையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பது நான்தான். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்பார்.

"எத்தன தடவ பாத்த?"

"மூணு தடவ மாமா."

"பத்தாது. இன்னொரு கால் இருக்கு."