முங்குவதற்கு மூன்று பேர்

கடலுக்கு அடியில் போய் மீன்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்று முதலில் சொன்னவன் என் மச்சான், மனைவியின் தம்பி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தான். கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பின்னால் அருவியையோ பனிமலையையோ ஒட்டுவது அவன் தொழிலில் ஒரு பகுதி. 2010இல் ஒரு நாள் அப்படி ஒட்டுவதற்குப் படம் தேடியபோது, அந்தமானில் கடலுக்கு அடியில் எடுத்த படம் ஒன்று கிடைத்திருக்கிறது. பவழப்பாறைக்கு மேலே மஞ்சள் மீன்கள் கூட்டமாகப் போகின்றன. அங்கே ஒரு ஜோடியை ஒட்டிப் பார்த்திருக்கிறான். பொருந்தவில்லை. பெண்ணின் பட்டுப்புடவை நனையாமல் இருந்தது. ஜோடியை எடுத்துவிட்டு மீன்களை மட்டும் பிரிண்ட் போட்டுக்கொண்டு, சாயங்காலமே பஸ் ஏறிச் சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான்.

"மாமா, இங்க போறோம்" என்றான்.

நான் படத்தைப் பார்த்தேன். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு சாயக் கம்பெனியின் ஆய்வகத்தில் எனக்கு வேலை. முகமூடி போட்டுக்கொண்டு மூச்சு விடுவது எனக்குப் பழக்கமான விஷயம். அந்த முகமூடிக்கு வெளியே ஒரு தடவையாவது பார்க்கிற மாதிரி ஏதாவது இருக்கட்டுமே என்று தோன்றியது. சரி என்றேன்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"கடல் ஒரு தடவ நம்ம ஊட்டுக்கு வந்துட்டுப் போச்சே, அது பத்தாதா? நாம வேற திருப்பிப் போவணுமா?" என்றாள்.

சுனாமி வந்த அன்று அவள் கடலூர் ஓ.டி. என்கிற பழைய நகரத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். தெருவில் எல்லோரும் ஓடுவதைப் பார்த்து அவளும் ஓடியிருக்கிறாள். ஓடும்போது அடுப்பிலிருந்த குக்கரைக் கையோடு தூக்கிக்கொண்டு ஓடினாள். நகை, பை, செருப்பு எதுவும் எடுக்கவில்லை. ஏன் குக்கர் என்று அவளுக்கே தெரியாது. தண்ணீர் அவர்கள் வாசல் வரை வந்து நின்றுவிட்டுத் திரும்பியது. குக்கரிலிருந்த சாதத்தைக் கல்யாண மண்டபம் ஒன்றில் முன்பின் தெரியாத குடும்பத்தோடு பங்கிட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள். தெருக்கோடியில் இருந்த இரண்டு பேர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அவள் சில்வர் பீச் பக்கமே போனதில்லை. கடலூருக்குப் போனால் பஸ்ஸில் மேற்குப் பக்க ஜன்னலில்தான் உட்காருவாள்.

ஆகவே திட்டம் இரண்டு ஆண்களுடையது என்று முடிவானது. அவள் கூட வந்து கரையில் உட்கார்ந்திருப்பாள்.

அந்தமான் போகிறேன் என்று சொன்னால் ஊரில் யாருக்கும் விளங்கவில்லை. கம்பெனியில், என்ன தப்பு செய்தாய் என்று கேட்டார்கள். கோயிலில் அர்ச்சனைத் தட்டை வாங்கிய அர்ச்சகர், "டிரான்ஸ்பரா?" என்றார். எங்கள் தெருக்காரர் ஒருவர், "அங்க யாரு இருக்கா உங்களுக்கு?" என்றார். யாரும் இல்லை என்றேன். "அப்ப யாரப் பாக்கப் போறீங்க?"

"மீனுங்கள."

அவர், "பரங்கிப்பேட்டைலயே நல்ல மீன் கெடைக்குமே" என்றார்.

எனக்கும் மச்சானுக்கும் நீச்சல் தெரியாது. புதிதாக முங்குகிறவர்களுக்கு நீச்சல் தெரிய வேண்டியதில்லை, கூடவே ஒரு பயிற்சியாளர் பிடித்துக்கொண்டு வருவார் என்று அந்தமானில் முங்கக் கூட்டிப்போகிற நிலையத்திலிருந்து போனில் சொல்லியிருந்தார்கள். மச்சான் அதை நம்பவில்லை. அவனுக்குத் தெரிந்தவர் ஒருவருக்கு அண்ணாகிராமம் பக்கம் முந்திரித் தோப்பும் அதற்குள் ஒரு பம்ப்செட் தொட்டியும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய்ப் பழக ஆரம்பித்தோம். மச்சான் பாண்டிச்சேரியிலிருந்து கண்ணையும் மூக்கையும் மூடுகிற மாஸ்க்கும், வாயில் கவ்வி மூச்சு விடுகிற குழாயும் வாங்கி வந்திருந்தான். தொட்டியில் தண்ணீர் என் நெஞ்சு வரைக்கும்தான். அதில் இரண்டு குடும்பஸ்தர்கள் மாஸ்க் போட்டுக்கொண்டு குப்புறக் கிடந்தோம். தோப்பு வழியாகப் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "என்னா சார், எதனா உள்ள வுழுந்துட்டுதா?" என்று கேட்டார். இல்லை என்றோம். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "நானும் வேணா தேடறேன்" என்றார்.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, மனைவியும் கூட வந்தாள். தொட்டிச் சுவர் மேல் உட்கார்ந்து முந்திரிப்பழம் தின்றுகொண்டிருந்தாள். என் குழாய்க்குள் தண்ணீர் புகுந்து எனக்குப் புரையேறிவிட்டது. கண் பிதுங்க இருமினேன். நான் மூழ்குகிறேன் என்று நினைத்து அவள் சுடிதாரோடு உள்ளே குதித்தாள். குதித்த பிறகுதான் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்பது அவளுக்குத் தெரிந்தது. என் முதுகில் இரண்டு தட்டு தட்டினாள். அதற்கு மேல் அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை.

"நனஞ்சது நனஞ்சிட்டேன். அதக் குடுங்க" என்று மாஸ்க்கை வாங்கிப் போட்டுக்கொண்டு முகத்தை உள்ளே விட்டாள்.

வெளியே வரவில்லை. குழாய் முனையில் மூச்சுச் சத்தம் மட்டும் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. மச்சான் என்னைப் பார்த்தான். "அக்கா!" என்று கூப்பிட்டுத் தோளைத் தொட்டான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். பிறகு தானாகவே எழுந்தாள்.

"உள்ள என்னா தெரிஞ்சுது?" என்றேன்.

"ஒண்ணும் தெரியல. பாசிதான்."

அதற்கடுத்த ஞாயிறு எங்களுக்கு முன்பாகவே கிளம்பி வாசலில் நின்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வராமல் போய்விடுவாளோ என்று ஒரு பயம்.

முங்குவதற்கு முன்னால் டாக்டரிடம் காட்டிக்கொள்வது நல்லது என்று அந்தமானிலிருந்து சொல்லியிருந்தார்கள். மூவரும் சிதம்பரத்திலேயே ஒரு காது மூக்கு டாக்டரிடம் போனோம். என் வலது காதுக்குள் விளக்கடித்து நெடுநேரம் பார்த்தார்.

"உங்க காதுல ஓட்டை இருக்கு" என்றார்.

"எல்லாருக்கும் இருக்குமே டாக்டர்."

"அது வெளிய இருக்கற ஓட்டை. இது உள்ள. ஜவ்வுல."

சின்ன வயதில் சீழ் வடிந்திருக்கும் என்றார். வடிந்தது. கடலுக்கு அடியில் போனால் தண்ணீரின் அழுத்தத்தில் தலை சுற்றி, மேலே எது கீழே எது என்று தெரியாமல் போகும் என்றார். தொட்டித் தண்ணீரில்கூட நான் முகத்தை வைத்திருக்கக் கூடாதாம். வந்தது வந்தோம் என்று மனைவியும் காட்டிக்கொண்டாள். மற்ற இரண்டு பேருக்கும் காது நன்றாக இருந்தது.

கீழ வீதியில் நடந்து வந்தோம். நாற்பதை நெருங்குகிற ஆள், மீன் பார்க்க முடியவில்லை என்று நடுத்தெருவில் கலங்குவது நன்றாக இருக்காது என்பதால் ஒரு காபிக் கடைக்குள் போய் உட்கார்ந்தேன்.

"டிக்கெட்ட கேன்சல் பண்ணிடவா மாமா?" என்றான் மச்சான்.

நான் மனைவியைப் பார்த்தேன். அப்பாடா என்கிற முகத்தை எதிர்பார்த்தேன். அது அங்கே இல்லை. டம்ளரைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"எதுக்குக் கேன்சல்? உங்க எடத்துல நான் போறேன்" என்றாள். பிறகு என்னிடம், "நீங்க கரையில உக்காருங்க. எனக்குன்னு வச்சிருந்த எடம்தானே" என்றாள்.

போனோம். சென்னையிலிருந்து விமானம், போர்ட் பிளேரிலிருந்து கப்பல், தீவில் இறங்கி ஜீப். வாந்தி எடுத்த இடங்களை விட்டுவிடுகிறேன். பயிற்சியாளர் போர்ட் பிளேரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரப் பெண். வாயில் குழாய் இருக்கும்போது பேச முடியாது, கையால்தான் பேச வேண்டும் என்று சைகைகளைச் சொல்லிக்கொடுத்தாள். ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வட்டமாகச் சேர்த்தால் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். கட்டைவிரலை உயர்த்தினால் மேலே போக வேண்டும் என்று அர்த்தம்.

மச்சான் முதலில் இறங்கினான். ஒரு நிமிடம் போல ஆனதும் மேலே வந்துவிட்டான்.

"என்ன சார், என்ன ஆச்சு?" என்றாள் அந்தப் பயிற்சியாளர் பெண்.

"ஒண்ணும் ஆவலயே. சூப்பர்னுதான் காட்டினேன்."

கல்யாண மேடைக்குக் கீழே நின்று மாப்பிள்ளைகளுக்கு வருடக்கணக்காகக் கட்டைவிரலைக் காட்டி வந்தவன். மறுபடி இறங்கினான். மறுபடி சூப்பர் என்று காட்டினான். அவள் மறுபடி மேலே கொண்டுவந்தாள். மூன்றாம் தடவை, கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடித்து வைத்துக்கொண்டு இறங்கினான். கீழே ஒரு பெரிய ஆமையைப் பார்த்ததும் விரல் தானாக விடுபட்டுவிட்டதாம். அத்தோடு அவன் முறை முடிந்தது.

அடுத்தது என் மனைவி. படகு விளிம்பில் முதுகில் சிலிண்டரோடு உட்கார்ந்திருந்தவள் என் கையைப் பிடித்தாள். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கையை விட்டுவிட்டு இறங்கிவிட்டாள்.

நீர்க்குமிழிகள் வந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சில சமயம் குமிழி வேறு பக்கமாக வந்தது, நானும் படகில் அந்தப் பக்கமாக நகர்ந்தேன். மச்சான் துண்டைப் போர்த்திக்கொண்டு ஆமையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்குக் கேட்கவில்லை. அதற்குக் காரணம் என் காது இல்லை.

அவள் மேலே வந்து மாஸ்க்கைக் கழற்றியபோது முகத்தில் வட்டமாகத் தடம் பதிந்திருந்தது. மூக்கில் லேசாக ரத்தம். படகுக்காரர் கொடுத்த வாழைப்பழங்களை வரிசையாகத் தின்றாள். பிறகுதான் பேச்சு வந்தது.

"ஒரு மீனு வந்து என் மூஞ்சிக்கு நேரா நின்னுதுங்க. நானும் அசையாம நின்னேன். அதுவும் போவல, நானும் போவல. எவ்ளோ நேரம்னு தெரியல."

"என்னா கலரு?"

"பாக்கல. அது மூஞ்சியத்தான் பாத்துட்டிருந்தேன்."

எனக்குப் பொறாமையாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. பொறாமைதான் கொஞ்சம் ஜாஸ்தி. மறுநாள் காலையில் அவள் இன்னொரு தடவை போனாள். எனக்கு ஏதாவது வழி உண்டா என்று நான் பயிற்சியாளரிடம் கேட்டுக்கூடப் பார்க்கவில்லை. கரையில் தென்னை நிழலில் உட்கார்ந்து இளநீர் குடித்தேன், அது நன்றாகத்தான் இருந்தது.

திரும்பும்போது கீழே பார்த்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லச் சொன்னேன். விமானம் முழுக்கச் சொன்னாள். சென்னையில் பஸ் ஏறிய பிறகும் சொன்னாள். திண்டிவனம் தாண்டியதும் நான் தூங்கிவிட்டேன். விழித்துப் பார்த்தால், பக்கத்து வரிசையில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் இரண்டு கையையும் துடுப்பு மாதிரி அசைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா பாண்டிச்சேரிக்கு டிக்கெட் எடுத்தவர். கதை கேட்டு முடித்து, ஒரு ஊர் தாண்டிக் கடலூரில்தான் இறங்கினார்.