ஏணியின் கையுறை

எங்கள் குளிர் கிடங்கில் அவளுக்குப் பெயர் ஏணி. மேல் தட்டில் இருக்கும் மீன் பெட்டியை எடுக்க மற்றவர்களுக்கு ஸ்டூல் வேண்டும். அவள் கையை நீட்டினால் போதும். அந்தப் பெயரை வைத்தது நான்தான். பதிலுக்கு அவள் எனக்கு எலி என்று வைத்தாள். நான் ஒன்றும் அவ்வளவு குள்ளம் கிடையாது. இதைச் சொல்லாமல் மேலே சொல்ல எனக்கு மனசு வராது.

கிடங்குக்குள் எப்போதும் மைனஸ் இருபத்தைந்து. உள்ளே தனியாகப் போகக் கூடாது, ஜோடியாகத்தான் போகவேண்டும். பெட்டி அடுக்கும்போதும் ஜோடியின் முகத்தின்மேல் ஒரு கண் இருக்க வேண்டும். குளிர் முதலில் மூக்கையும் காதையும்தான் பிடிக்கும். தோல் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துவிடும். ஆனால் மரத்துப்போவதால் வெளுத்தவளுக்கே தெரியாது, பார்க்கிறவள்தான் சொல்லவேண்டும். “மூக்கு” என்று ஒரு குரல் கொடுப்போம். கொடுத்த கையோடு, கையுறையைப் பல்லால் கவ்வி உருவி எறிந்துவிட்டு, வெறும் உள்ளங்கையால் அந்த மூக்கைப் பொத்தி வெளியே தள்ளிக்கொண்டு வருவோம். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். நான் சேர்ந்த முதல் வாரமே என் மூக்கைப் பொத்தியவள் ஏணி. இன்றைக்கு என் முகத்தில் மூக்கு என்று ஒன்று இருப்பது அவள் புண்ணியம்.

லீவு கிடைத்தால் நாங்கள் எல்லோரும் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவோம். அவள் மட்டும் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலையேறுகிறவர்களோடு போய்விடுவாள். சின்ன மலை, பெரிய மலை என்று ஏறி ஏறி, கடைசியில் ஏழாயிரம் மீட்டருக்கு மேலே ஒரு பனிச் சிகரத்துக்குப் போகிற குழுவில் அவளையும் சேர்த்துக்கொண்டார்கள். அவள் புருஷன் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். “நான் மேடு வந்தா சைக்கிளையே இறங்கித் தள்றவன்மா. எனக்கு வாய்ச்சவளைப் பாரு” என்பார். சொல்லும்போது முகத்தில் பெருமை வழியும்.

அந்தப் பெருமைக்கு நடுவில்தான் சோதனை வந்தது. பழகுவதற்காகக் குழுவினர் ஒரு சின்னப் பனிமலைக்குப் போனார்கள். பாதி வழியில், ஏணியோடு ஒரே கயிற்றில் வந்த டிராயிங் வாத்தியாருக்குக் கன்னம் வெளுத்துவிட்டது. நம் ஆள் என்ன செய்வாள்? “கன்னம்” என்று கத்தி, கையுறையைப் பல்லால் உருவி எறிந்துவிட்டு, வெறுங்கையால் பொத்தினாள். எங்கள் கிடங்கில் எறிந்த கையுறை தரையில் கிடக்கும், மலையில் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது. வாத்தியார் கன்னம் பிழைத்தது. இவள் விரல் நுனிகள் கொப்பளித்துவிட, எல்லோரும் பாதியிலேயே இறங்க வேண்டியதாயிற்று.

குழுத் தலைவி ஒரு பல் டாக்டர். ஊரார் வாயைத் திறக்கச் சொல்லும் தொழில் என்பதாலோ என்னவோ, தன் வாயை அதிகம் திறக்க மாட்டார். அன்று திறந்தார். “உங்க மனசு நல்ல மனசு. ஆனா மேல போய் உங்க கை போச்சுன்னா, உங்களைத் தூக்கிட்டு வர நாலு பேர் உசிரைப் பணயம் வைக்கணும். கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை சோதிச்சுப் பார்ப்பேன். கையுறை கழண்டா நீங்க வரலை.”

அதற்குப் பிறகு ஏணி பட்ட பாடு இருக்கிறதே! விரல் ஆறியதும் வீட்டில் கையுறையோடுதான் எல்லாம். கையுறையோடு சாப்பிட்டாள், கதவு திறந்தாள், பூட்ஸ் கயிறு கட்டினாள். புருஷன் பழைய டியூபை வெட்டி, இரண்டு கையுறைகளிலும் வார் தைத்து, சட்டைக்குள் விட்டுக் கழுத்தைச் சுற்றி மாட்டிவிட்டார், கைக்குழந்தைக்கு மாட்டுவதுபோல. கிடங்கில் நாங்கள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தோம். கையுறை விளிம்புக்குப் பல் போனால், நான் முதுகில் ஒன்று வைப்பேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும். அவளும் வாங்கிக்கொண்டு, “சரிடி, சரிடி” என்பாள். அவளுடைய தூங்கும் பை குளிர் தாங்குமா என்று பார்க்க, சாப்பாட்டு வேளையில் மீன் பெட்டிகளுக்கு நடுவே விரித்துப் படுத்தாள். சூப்பர்வைசர் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பார்க்காதவர்போலப் போய்விட்டார். அவள் இல்லாத நாட்களுக்கு யார் யார் ஷிப்ட் பார்ப்பது என்று நாங்களே பேசி முடித்திருந்தோம். முகம் சுளித்தவர் ஒருவர் இல்லை. அந்த மனுஷர்களை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

டாக்டரம்மா சோதனைக்குத் தேர்ந்தெடுத்த இடம் எங்கள் கிடங்கேதான். கொக்கி மாட்டவும் முடிச்சுப் போடவும் கூடாரத்தின் கம்பி கோக்கவும் சொன்னார். ஏணி எல்லாவற்றையும் கையுறையோடே செய்தாள். ஜோடி வேண்டுமே என்று நான் பக்கத்தில் நின்றேன். டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, மெதுவாக, “மப்ளரைக் கொஞ்சம் இறக்குங்க. என்ன ஆனாலும் குரல் கொடுக்கக் கூடாது” என்றார். எதற்கு என்று புரிந்தது, என் மூக்கு வெளுக்கத்தான். அந்த அம்மாவின் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனாலும் இறக்கினேன்.

கம்பியைக் கோத்துக்கொண்டிருந்த ஏணி வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றாள்.

“மூக்கு.”

வலது கை வாய்க்குப் போனது. பல் கையுறையின் விளிம்பைக் கவ்வியதை என் கண்ணால் பார்த்தேன். என் மூக்கு போனாலும் போகட்டும், நீ மலைக்குப் போ என்று கத்தத் தோன்றியது. கத்தக் கூடாது என்பது நிபந்தனை.

பல் விட்டது. கம்பியைக் கீழே போட்டாள். கையுறை போட்ட இரண்டு கைகளாலும் என் தலையைப் பிடித்து இழுத்தாள், குனிந்தாள், தன் மப்ளரைத் தாடையால் தள்ளிவிட்டு என் மூக்கைத் தன் கழுத்துக் குழியில் புதைத்துக்கொண்டாள். அவள் கழுத்து அவ்வளவு சூடாக இருந்தது. அப்படியே என்னை அணைத்தபடி பின்னுக்கு நடந்து, முதுகால் கதவைத் தள்ளித் திறந்தாள்.

வெளியே வந்து டாக்டரம்மா என் மூக்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதை நான்கூட யோசிக்கலை. மத்தவங்களுக்கும் சொல்லிக்கொடுங்க” என்றார் ஏணியிடம். அப்புறம், “வியாழக்கிழமை பஸ்ஸுக்கு வந்துடுங்க” என்றார்.

வியாழக்கிழமை பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஷிப்டில் பாதிப் பேர் நின்றோம். அவள் புருஷன் மூட்டையின் ஒவ்வொரு வாரையும் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. நேராக டிராயிங் வாத்தியாரிடம் போனேன்.

“அண்ணே, இவளுக்கு இடது காதுதான் முதல்ல வெளுக்கும். அவளா சொல்ல மாட்டா. நீங்கதான் பாத்துக்கிட்டே இருக்கணும்.”

“இடது காது” என்று அவர் திருப்பிச் சொன்னார். அங்கேயே, அப்போதே திரும்பி அவள் காதை ஒரு முறை பார்த்துக்கொண்டார். அந்த மனுஷருக்குக் கை கூப்பலாம் என்றிருந்தது. இத்தனை வருஷம் அந்தக் காதைப் பார்த்தது நான்.

ஏணி என்னைக் கட்டிக்கொண்டாள். அவளிடம் நன்றி என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை, அன்று சொன்னேன். “எதுக்குடி?” என்றாள். “எல்லாத்துக்கும்தான்” என்றேன்.

பஸ் நகர்ந்ததும் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். கழுத்தில் கோத்த கையுறைகள் இரண்டும் வெளியே ஆடின. என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “எலி, மூக்கு” என்று கத்தினாள்.

பஸ் தெருமுனையில் திரும்பும்வரை என் உள்ளங்கையால் நானே பொத்திக்கொண்டு நின்றேன்.