ஐந்து புள்ளிகளும் ஒரு நேர்கோடும்

பி.எஸ்சி. கடைசி ஆண்டில் எங்களுக்குக் கொடுக்கப்பட்ட ஆராய்ச்சி, பழைய தெர்மாகோலைக் கரைப்பது. ஆராய்ச்சி என்று சொன்னபோது வீட்டில் ஒரு மரியாதை வந்தது. தெர்மாகோல் என்று சேர்த்துச் சொன்னதும் போய்விட்டது. கும்மிடிப்பூண்டியில் ஒரு பேக்கிங் கம்பெனியில் மிச்சம் விழுந்த தெர்மாகோலை உருக்கி, அடை மாதிரித் தட்டையான கட்டிகளாக்கி வைத்திருந்தார்கள். எங்கள் சார் அதில் இரண்டு கட்டிகளைக் கேட்டு வாங்கி வந்து மேஜைமேல் வைத்தார். கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் சின்னப் பல்கலைக்கழகத்தில் அந்த ஆண்டு நடந்த பாலிமர் ஆராய்ச்சி மொத்தமும் அந்த இரண்டு கட்டிகள்தான்.

வேலை என்னவோ எளிது. கட்டியை டொலுயினில் கரைத்து, ஐந்து விதமான செறிவில் கரைசல் செய்ய வேண்டும். விஸ்காமீட்டர் என்று ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே மயிரிழை அளவுக்குத் துளை. கரைசல் அதில் மேல் கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்கு இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். கெட்டியான கரைசல் மெதுவாக இறங்கும். அதை வைத்துக் கணக்குப் போட்டு, வரைபடத்தில் ஐந்து புள்ளி வைத்து ஒரு கோடு இழுத்தால், அந்தப் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலி எவ்வளவு நீளம் என்று தெரிந்துவிடுமாம். கண்ணுக்கே தெரியாத ஒன்றின் நீளத்தை ஸ்டாப்வாட்சை வைத்து அளக்கலாம் என்பதை நான் மனதார நம்பவில்லை. பின்னால் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

என்னோடு சேர்ந்து செய்தவள் பழவேற்காட்டுப் பெண். அவள் வாப்பாவுக்கு அங்கே துணிக்கடை. அவள் பஸ்ஸில் பொன்னேரி வந்து ரயில் ஏறுவாள். நான் மீஞ்சூரிலேயே ஏறி, ஜன்னலோரம் பையை வைத்து அவளுக்கு இடம் பிடித்திருப்பேன். இரண்டு பேரும் எம்.எஸ்சி. படிப்பதாகப் பேசி வைத்திருந்தோம். அவள் வாப்பா ஒரு நாள் கடையை அடைத்துவிட்டுச் சென்னைக்குப் போய் இரண்டு விண்ணப்பப் பாரம் வாங்கி வந்தார். ஒன்று மகளுக்கு, ஒன்று எனக்கு.

"ரெண்டு பேரும் தனித்தனியா செய்யுங்கம்மா. ஒத்துப்போச்சுன்னா சரின்னு அர்த்தம்" என்றார் சார்.

ஒவ்வொரு கரைசலையும் மூன்று தடவை ஓடவிட வேண்டும். அடுத்த கரைசலை ஊற்றுவதற்கு முன் குழாயை அசிட்டோனில் கழுவிக் காயவைக்க வேண்டும். தொட்டித் தண்ணீர் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. டொலுயின் வாடை தலைமுடியில் ஏறிக்கொள்ளும். சாயங்கால ரயிலில் லேடீஸ் பெட்டியில் ஒரு அம்மா என்னை மோந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா, ஊட்டுக்கு பெயின்ட் அடிச்சியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். விளக்குவதற்கு அது சுலபமாக இருந்தது.

இரண்டு கரைசல்களை ஒழுங்காக அளந்தேன். மூன்றாவதில் கரண்ட் போனது. மூன்றே முக்கால் ரயிலும் போய்விடும் போலிருந்தது. அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து மிச்சத்தைக் குக் பண்ணினேன். அளவுகளை இட்டுக்கட்டி எழுதுவதற்கு எங்கள் துறையில் அதுதான் பெயர், எல்லோரும் செய்ததுதான். புத்தகத்தில் போட்டிருந்த விடையை எடுத்துக்கொண்டு பின்னாலிருந்து கணக்குப் போட்டேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுவிட்டு, அப்புறம் அதன்மேல் புள்ளிகளை வைத்தேன். உண்மையாக எடுத்த இரண்டு அளவுகளும் அந்தக் கோட்டில் நிற்கவில்லை, அவற்றையும் திருத்தினேன். சந்தேகம் வராமல் இருக்க அங்கங்கே அரை விநாடி கூட்டிக் குறைத்தேன். அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

சார் என் வரைபடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கோடுன்னா இப்டி இருக்கணும்" என்றார். அவளுடையதைப் பார்த்தார். அவள் புள்ளிகள் கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகக் கிடந்தன, விடையும் என்னுடையதைவிட ரொம்பக் குறைவு. "நீ இன்னொரு தபா செய்மா."

அவள் செய்தாள். மறுபடியும் குறைவாகவே வந்தது. மூன்று வாரம் செய்தாள். வளையலைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்தாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தாள், புது அசிட்டோன் கேட்டு வாங்கிக் கழுவிச் செய்தாள். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "என் கைய பாருடி. எங்க தப்பு பண்றேன்னு சொல்லு" என்றாள்.

பார்த்தேன். கை துளிகூட நடுங்கவில்லை. கரைசல் கோட்டைத் தொட்ட அதே கணத்தில் பொத்தானை அமுக்கினாள். நான், "கொஞ்சம் முன்னாடியே அமுக்கறியோ?" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் மிகவும் கேவலமானது எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

அடுத்த திங்கட்கிழமை அவள் அளவுகள் என்னுடையதோடு அழகாக ஒத்துப்போயின. சார் சந்தோஷப்பட்டார். பிரௌசிங் சென்டரில் டைப் அடித்து, பைண்டிங் போட்டுக் கொடுத்துவிட்டோம். எப்படி ஒத்துப்போனது என்று நான் கேட்கவில்லை. ரயிலில் அவளே சொன்னாள்.

"உன் நோட்ட பார்த்து மாத்திக்கினேன். லேப் எனக்கு ஒத்துவராதுடி. மூணு வாரமா ஒரே தப்ப பண்ணிக்கினு இருந்திருக்கேன், இன்னா தப்புன்னே தெரியல. எம்.எஸ்சி. வேணாம்னு வாப்பாகிட்ட சொல்லிட்டேன்."

வாப்பா இரண்டு நாள் அவளோடு பேசவில்லையாம். அப்போதே நான் சொல்லியிருக்கலாம். பொன்னேரி வரும்வரை நேரம் இருந்தது. தைரியம் வரவில்லை என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் வைவா முடியட்டும், மார்க் வரட்டும் என்று இருந்தேன்.

இரண்டும் ஆயின. கண்ணாடிச் சாமான்களைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று, லேபில் யாரும் இல்லாதபோது சொன்னேன். ஐந்தும் பொய், ஒழுங்காக அளந்த இரண்டைக்கூடத் திருத்திவிட்டேன் என்றேன். திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் விஸ்காமீட்டரைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தாள்.

"ஸ்டாப்வாட்ச நீ புடி."

மிச்சமிருந்த கட்டியில் ஒரு துண்டை உடைத்து, எடை போட்டு, கரைத்து, குழாயில் ஊற்றினாள். நான் அமுக்கினேன். அவள் முதல் வாரத்தில் எடுத்த அளவு அப்படியே வந்தது. இன்னொரு தடவை ஓடவிட்டாள். அதே அளவு. கையில் மிச்சம் இருந்த கட்டியைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது உருக்குனது இல்ல? அந்தச் சூட்டுல செயினெல்லாம் அறுந்திருக்கும். புக்குல இருக்கறது புதுசுக்கு. கம்மியா வர்றதுதான் கரெக்ட்டு."

சாருக்கு அது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, தோன்றியிருந்தால் அதற்கேற்ப இட்டுக்கட்டியிருப்பேன். அவள் குழாயை அசிட்டோனில் இரண்டு தடவை கழுவினாள்.

"பாரம் அனுப்ப கடைசி தேதி என்னிக்கு?"

"போன வெள்ளிக்கிழம."

"நீ அனுப்பிட்டியா?"

அனுப்பியிருந்தேன். எனக்கு இடம் கிடைத்தது.